அலோய் வீலை வீட்டில் பொலிஷ் செய்தால் உப்புக்காற்றில் எவ்வளவு நாள் நிற்கும்?

காரைநகரில் இருந்து தினமும் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்து போகும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: அவருடைய ரொயோட்டா அக்ஸியோ காரின் நான்கு அலோய் வீலிலும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது, இரண்டில் வீதிக்கரைக் கல்லில் உரசிய காயமும் இருக்கிறது. வீட்டிலேயே சாண்ட் பேப்பர் போட்டு உரஞ்சி, பொலிஷ் அடித்துப் புதுசு மாதிரி ஆக்கலாமா, அல்லது கொழும்புக்கு அனுப்பித்தான் செய்விக்க வேண்டுமா என்று. பளபளப்பு வருமா என்பதை விட, வந்த பளபளப்பு பொன்னாலைப் பாலத்தைத் தினமும் இரண்டு தரம் கடக்கும் ஒரு காரில் எவ்வளவு காலம் நிற்கும் என்பதுதான் அவர் அறிய விரும்புவது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், வீட்டில் செய்யலாம். ஆனால் வெறும் உலோகமாகப் பொலிஷ் பண்ணி விட்டால் உங்கள் வீதியில் சில கிழமைகளிலேயே மங்கத் தொடங்கும், பிறகு திரும்பவும் பூக்கும். வடிவாக உரஞ்சி, பிரைமர் என்ற அடிப்பூச்சைப் போட்டு, சில்வர் அடித்து, மேலே கிளியர் என்ற நிறமற்ற பூச்சை நல்லதாகப் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும். நான் பல வருடமாக வாகனப் பெயின்ற் வேலையில் இருப்பவன். உலோகம், உப்பு, பெயின்ற் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. உங்கள் வீலில் வெடிப்பு இருக்கிறதா, அது இனியும் பாரம் தாங்குமா என்பதைப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதைக் கழற்றி, கழுவி, கையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த வெள்ளை என்ன என்று பார்ப்போம். அலுமினியத்தில் காற்றுப் பட்ட உடனேயே சில நனோமீற்றர் தடிப்பில் ஒரு ஒட்சைட்டுப் படலம் உருவாகிவிடும். சாதாரணமாக அந்தப் படலமே உலோகத்தைக் காப்பாற்றும். உப்பில் இருக்கும் குளோரைட்டு அதைத் துளைக்கும். தொழிற்சாலையில் இருந்து வரும் வீலில் அலுமினியத்துக்கு மேலே பிரைமர், நிறம், கிளியர் என்று படைகள் உண்டு. கல் பட்டோ, கரையில் உரசியோ, வீல் அதிராமல் ஓட விளிம்பில் மாட்டும் பலன்ஸ் ஈயத்தின் கிளிப் அழுத்தியோ அந்தப் படை ஓரிடத்தில் உடைந்தால் உப்பும் ஈரமும் உள்ளே போகும். பிறகு பெயின்றுக்கு அடியில் நூல் நூலாக, வளைந்து வளைந்து அரிப்பு ஓடும். நூலின் தலைப்பக்கத்தில் அமிலத்தன்மை கூடி அலுமினியத்தைத் தின்னும், பின்னால் வெள்ளைத் தூளை விட்டுக்கொண்டு போகும். அதனால்தான் மேலே எவ்வளவு பொலிஷ் போட்டு உரஞ்சினாலும் அந்த வெள்ளை அசையாது. அது கிளியருக்குக் கீழே இருக்கிறது.

இந்த வகை அரிப்புக்குக் காற்றில் ஈரப்பதன் 75 முதல் 95 சதவீதம் வரை இருப்பதும், கொஞ்சம் உப்பும் போதும். எங்கள் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. பண்ணை, பொன்னாலை, நாவற்குழி, ஆனையிறவு என்று எந்தப் பக்கத்தால் போனாலும் தண்ணீரை ஒட்டித்தான் வீதி. காற்றடிக்கும் நாட்களில் பாலத்தில் வரும் தூவானம் வீலில் நேராகப் படும். அதோடு கார்களுக்கும் வயது போய்விட்டது. 2020 பங்குனியில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் எல்லோரும் இருந்ததையே ஓடினோம். ஆகவே உங்கள் வீல் பூத்தது உங்கள் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து, உங்கள் வீல் எந்த வகை என்று தெரிய வேண்டும். கழுவிக் காயவைத்த வீலில், பின்பக்கம் அல்ல, முகப்பில் ஒரு மூலையைத் தெரிவு செய்து, வெள்ளைத் துணியில் துளி மெற்றல் பொலிஷ் தொட்டு நன்றாகத் தேயுங்கள். துணி கன்னங்கரேல் என்று கறுத்தால் அங்கே வெறும் அலுமினியம். கறுக்கவே இல்லையென்றால் மேலே கிளியர் இருக்கிறது. சாம்பல் அல்லது வெள்ளி நிறம் ஏறினால் கிளியர் போய், நிறப்பெயின்ற் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். அக்ஸியோவின் ஒறிஜினல் வீல் பெரும்பாலும் முழுவதும் சில்வர் பெயின்ற் அடித்ததுதான். அது வீட்டு வேலைக்கு நல்ல வகை.

சில கார்களில், குறிப்பாகப் பிந்திய மொடல்களில், முகப்பு மட்டும் உலோகமாக மின்னும், இடைக்குழிகள் கறுப்பாக இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பழைய இசைத்தட்டின் வரிகள் போல மெல்லிய வட்டக்கோடுகள் தெரியும். அது கடைசல் இயந்திரத்தில் சீவிய முகப்பு. அதைக் கையால் உரஞ்சினால் அந்தக் கோடுகள் திரும்ப வராது. திரும்பக் கடைவது மட்டுமே வழி. அதுவும் ஒவ்வொரு தரமும் உலோகம் குறைவதால் நெடுகச் செய்ய முடியாது. குரோம் பூசிய வீல் என்றால் சாண்ட் பேப்பரைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். நிக்கலும் குரோமும் செதிலாக உரியும், அந்தச் செதில் கையை வெட்டும்.

இனிப் பாதுகாப்பு. இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் அழகுக்காகத் தொடங்கும் வேலையில் இதைத்தான் ஆக்கள் விட்டுவிடுகிறார்கள். வீலைக் கழற்றியதும் முன்பக்கத்தைப் பார்க்க முன், உள்பக்கத்து உருளையைப் பாருங்கள். குழியில் விழுந்த வீல் பெரும்பாலும் உள்விளிம்பில்தான் நெளியும், வெடிக்கும். மயிர்க்கோடு மாதிரி ஒன்று தெரிந்து, அது கீறலா வெடிப்பா என்று சந்தேகம் வந்தால் ஒரு பழைய முறை இருக்கிறது. அந்த இடத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மண்ணெண்ணெய் தடவி அரை மணித்தியாலம் விடுங்கள். பிறகு துணியால் முற்றாகத் துடைத்துவிட்டு, சோக்கைத் தூளாக்கி மேலே மெல்லியதாகத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் ஊறிய எண்ணெய் மெதுவாக வெளியே வந்து வெள்ளைத் தூளில் ஒரு கருங்கோடு தெரியும். வெறும் கீறல் என்றால் தூள் அப்படியே வெள்ளையாக இருக்கும். கோடு வந்தால் அந்த வீலுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டாம், மாற்றுங்கள். இந்த முறை மேற்பரப்புக்கு வந்த வெடிப்பை மட்டுமே காட்டும். உள்ளுக்குள் மறைந்திருப்பதைக் காட்டாது.

வெடிப்பை வெல்டிங் பண்ணித் தருகிறோம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. வார்ப்பு அலோய் வீல் பெரும்பாலும் ஏ356 என்ற கலவையில் செய்யப்படுவது. அலுமினியத்தோடு ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கனும் 0.3 சதவீத அளவில் மக்னீசியமும். வார்த்த பிறகு 540 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, சடுதியாகக் குளிரவைத்து, பிறகு 150 முதல் 170 பாகை வரையில் சில மணித்தியாலம் வைத்துத்தான் அதற்குரிய பலத்தை ஏற்றுகிறார்கள். வெல்டிங் பிடிக்கும் இடத்தைச் சுற்றி அந்தப் பலம் போய்விடும். கம்பியில், அதாவது மையத்துக்கும் விளிம்புக்கும் இடையில் ஓடும் கையில், வெடிப்பு என்றால் எந்த வெல்டிங்கையும் நான் ஏற்கமாட்டேன். காஸ் சுடர் பிடித்து நெளிவு எடுப்பதும் இதே காரணத்தால் ஆபத்து.

வீல் வேறு வாங்குவதென்றால் பின்பக்கத்தில் ஜே.டபிள்யூ.எல். என்ற அடையாளம் வார்த்திருக்கிறதா பாருங்கள். அது ஜப்பானின் இலேசான உலோக வீல்களுக்கான தரம். வளைவுக் களைப்பு, பாரக் களைப்பு, மோதல் ஆகிய சோதனைகளைத் தாண்டிய வடிவமைப்பு என்பதைக் காட்டுவது. பக்கத்தில் வி.ஐ.ஏ. என்றும் இருந்தால் அந்தச் சோதனை பதிவுசெய்யப்பட்டது என்று பொருள். அடையாளத்தையும் போலியாக வார்க்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது.

உங்கள் கரைக்கல் காயம் வெளிவிளிம்பில் ஒரு மில்லிமீற்றர், கூடிப்போனால் இரண்டு மில்லிமீற்றர் ஆழம் என்றால் அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம்தான். அரத்தால் கூர்முனைகளை எடுத்து, சுற்றுப்புறத்தோடு சாய்வாகக் கரைத்துவிடலாம். மிச்சக் குழிக்கு அலுமினியத் தூள் கலந்த எப்பொக்சி பூசலாம். ரயர் வந்து உட்காரும் பகுதியில் மட்டும் எந்த நிரப்பியும் வைக்காதீர்கள்.

காரை ஜக்கில் தூக்கி, நான்கு வீலையும் கழற்றி, சீமெந்துக் கல்லில் நிறுத்திவிட்டு வேலை செய்வதை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கலாம். துளையுள்ள சீமெந்துக் கல் ஒரு புள்ளியில் பாரம் வந்தால் எந்தச் சத்தமும் இல்லாமல் உடையும். இரும்பு ஸ்டாண்ட் இல்லையென்றால் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், ஸ்பெயாரைப் போட்டுக்கொண்டு. ஸ்பெயாருக்குப் பதில் பங்சர் ஒட்டும் கிட் மட்டும் வந்த ஜப்பான் கார் என்றால், தெரிந்தவரிடம் அதே அளவு வீல் ஒன்றை இரவல் வாங்குவது நல்லது. ரயரைக் கழற்ற ரயர்க் கடைக்கே கொடுங்கள். கழற்றினால் இன்னொரு லாபம் உண்டு. ரயர் விளிம்பு உட்காரும் இடத்திலும் இதே வெள்ளை படிந்திருக்கும். காரணம் தெரியாமல் கிழமைக்கு ஐந்து ஆறு பி.எஸ்.ஐ. காற்று இறங்குகிறது என்று புலம்பும் பல பேருக்கு ஆணியும் இல்லை, வால்வும் பழுதில்லை, அந்த இடம்தான். அதை நைலோன் உரஞ்சியால் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். ரயரைக் கழற்ற வசதி இல்லையென்றால் பழைய விளையாட்டுச் சீட்டுகளை வீல் விளிம்புக்கும் ரயருக்கும் இடையில் சுற்றிவரச் செருகிக்கொண்டு வேலை செய்யலாம். பெயின்ற் ரயரில் படாது, விளிம்பு முழுவதிலும் படும்.

கழுவுவதில் அவசரம் வேண்டாம். கார் சம்போவும் பிரஷும் முதலில். தார் இருந்தால் மண்ணெண்ணெய், அதன் பிறகு திரும்பச் சம்போ. பிரேக்கில் இருந்து வரும் இரும்புத் தூள் சூடாகப் பறந்து கிளியருக்குள் பதிந்திருக்கும். அதற்கென்றே விற்கும் இரும்பு நீக்கியை அடித்தால் ஊதா நிறமாக வழியும், அதைக் காயவிடாமல் கழுவுங்கள். டைல்ஸ் கழுவும் அசிட், கழிவறை திரவம், கோஸ்டிக் சோடா மூன்றையும் தொடவே வேண்டாம். கோஸ்டிக் அலுமினியத்தை ஐதரசன் குமிழி விட்டு விட்டுக் கரைக்கும், பிறகு கறுக்கும். இரும்பில் பெயின்ற் எடுக்க அதைப் பாவித்துப் பழகியவர்கள் அலோயிலும் போட்டுப் பார்க்கிறார்கள். சில வீல் கிளீனர்களில் ஐதரோபுளோரிக் அமிலமோ அதன் உப்புகளோ இருக்கும், அது தோலுக்குள் போய் எலும்பு வரைக்கும் தாக்கக்கூடியது. போத்தலில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காவிட்டால் வாங்காதீர்கள். குத்துவிளக்குக்குப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பதை வீலிலும் செய்யலாமா என்று கேட்பார்கள். பித்தளைக்கு அது சரி. இங்கே நாம் வெளியே எடுக்கப் பாடுபடுவதே அந்த உப்பைத்தான்.

உரஞ்சுவது 180 இலக்கச் சாண்ட் பேப்பரில் தொடங்கலாம். ஆழமான காயத்துக்கு மட்டும் 120. பிறகு 240, 320. பூத்த இடத்தின் எல்லை கண்ணுக்குத் தெரிவதை விடப் பெரியது. கிளியர் தூக்கியிருக்கும் இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் இன்னும் கொஞ்சத் தூரம் உரியும். உரியாமல் இறுகப் பிடித்திருக்கும் இடம் வரை போய், அங்கிருந்து படை தெரியாமல் சாய்த்துவிடுங்கள். அலுமினியத்தில் கருப்புப் புள்ளி ஒன்று மிஞ்சினாலும் அது ஒரு குழி, அதற்குள் உப்பு இருக்கிறது. அது மறையும் வரை உரஞ்ச வேண்டும். பாதிக்கு மேல் பூத்த வீல் என்றால் இடையிடையே திருத்தாமல் முகப்பு முழுவதையும் எடுத்துவிடுவதே கடைசியில் வேலை குறைவு. இரும்புக் கம்பி பிரஷும், இரும்பு வெட்டிய கிரைண்டர் தட்டும் பாவிக்காதீர்கள். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, அதைச் சுற்றியே புதிய அரிப்பு தொடங்கும். கையால், தண்ணீர் போட்டு உரஞ்சினால் தூசியும் குறைவு. காய்ந்த நிலையில் உரஞ்சுவதென்றால் என்95 மாஸ்க் போடுங்கள், சேரும் அலுமினியத் தூளை நெருப்புக்குத் தூரமாகக் கூட்டி எடுங்கள். அது எரியக்கூடியது.

இந்த இடத்தில் நீங்கள் கேட்ட பொலிஷுக்கு வருவோம். 320இல் நிற்காமல் 400, 600, 800, 1000, 1500, 2000 என்று தண்ணீரில் உரஞ்சிக்கொண்டே போய், பஞ்சுச் சில்லில் கொம்பவுண்ட் போட்டு, கடைசியில் மெற்றல் பொலிஷால் கையால் முடித்தால் மின்னத்தான் செய்யும். ஒவ்வொரு இலக்கத்திலும் முந்தியதற்குக் குறுக்காக உரஞ்சுங்கள், முன்னைய கோடு முழுவதும் போனால்தான் அடுத்ததுக்குப் போகலாம். யூரியூபில் முகம் தெரிய மின்னும் வீல்களில் பல அடித்து உருவாக்கியவை. உங்களுடையது வார்ப்பு. சிலிக்கன் கூடியது, நுண்துளைகளும் இருக்கும். அதனால் பளபளப்பில் ஒரு சாம்பல் சாயல் நிற்கும், அங்கங்கே ஊசிமுனைப் புள்ளிகளும் தெரியும். அது உங்கள் கைக்குறை அல்ல.

பொலிஷில் உண்மையான சிக்கல் வேறு. கண்ணாடி மாதிரி வழவழப்பான அலுமினியத்தில் கிளியர் பிடிக்காது, பிடித்துக்கொள்ள அதற்குக் கீறல் வேண்டும். கீறல் வைத்தால் பளபளப்பு போய்விடும். பொலிஷ் பண்ணி மேலே ஸ்பிறே கான் கிளியர் அடித்த வீல்கள் எங்கள் காலநிலையில் ஒரு மாரியைத் தாண்டுவது கடினம். விளிம்பில் மஞ்சளாகித் தூக்கி, அதன் அடியில் திரும்பவும் அதே நூல். கிளியர் இல்லாமல் விட்டால் கிழமைக்கு ஒரு தரம் கழுவி, துடைத்து, மெழுகு போட வேண்டும். ஞாயிறு மட்டும் வெளியே எடுக்கும் கார் என்றால் அந்த வேலையை ஆசையோடு செய்யலாம், நானே அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். தினமும் பொன்னாலைப் பாலம் தாண்டும் காருக்கு என் ஆலோசனை சில்வர் பெயின்ற்தான். உங்கள் வீல் தொழிற்சாலையில் இருந்து வந்ததும் அப்படித்தான்.

பெயின்றுக்கு முன் கடைசியாகக் கழுவும் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்வதில்லை. குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும், மற்றப்படி நாங்கள் கிணற்றை நம்பியே இருக்கிறோம். காரைநகர் போன்ற தீவுப்பக்கக் கிணறுகளில் கடினத்தோடு உப்பும் சேரும். ஒரு எவர்சில்வர் தட்டில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் ஐந்தாறு துளி விட்டு வெயிலில் காயவைத்துப் பாருங்கள். வெள்ளை வளையம் விட்டால், அதே வளையம் உங்கள் பிரைமருக்கு அடியிலும் இருக்கும். பெயின்ற் படலம் ஈரத்தை முற்றாகத் தடுப்பதில்லை. அடியில் உப்பு இருந்தால் அது வெளியில் உள்ள ஈரத்தைப் படலத்துக்கூடாக இழுத்து, சில மாதத்தில் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும். அதனால் எல்லா உரஞ்சலையும் கிணற்றுத் தண்ணீரில் செய்யுங்கள், கடைசி அலசலுக்கு மட்டும் பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ, கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரோ பாவியுங்கள். வாங்கும்போது அசிட் கலக்காத வடித்த தண்ணீர்தானா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு வீலுக்கு ஒரு போத்தல் தாராளம். அதன் பிறகு வெறுங்கையால் தொடாமல், ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, அன்றைக்கே, முடிந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பிரைமர் போடுங்கள். உரஞ்சிய வீலை இரவு முழுவதும் முற்றத்தில் விட்டால் உப்புக்காற்று திரும்பப் படிந்துவிடும்.

பிரைமர் அலுமினியத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். உலோகத்தை மெல்ல அரித்துப் பிடித்துக்கொள்ளும் எச் பிரைமர், அல்லது வெறும் அலுமினியத்தில் அடிக்கலாம் என்று தகரத்திலேயே எழுதியிருக்கும் எப்பொக்சி பிரைமர். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்க முன் தகரத்தில் உள்ளதை வாசியுங்கள், சில எச் பிரைமர்களுக்கு மேல் எப்பொக்சி போகாது. பொடி பில்லரும் எச் பிரைமருக்கு மேல் போகாது. அடிக்கும் காலமும் முக்கியம். மாரி மாதங்களில் ஈரம் கூடி பெயின்ற் வெண்மையாக மங்கும். சோளகம் அடிக்கும் மாதங்களில் முற்றத்துப் புழுதி எல்லாம் கிளியரில் ஒட்டும். மாசி, பங்குனி நல்லது. காலைப் பனி ஈரம் போன பிறகு தொடங்கி, பின்னேரம் காற்றுத் திரும்ப முன் முடியுங்கள், நேர் வெயிலில் வேண்டாம்.

வீல் ஹப்போடு பொருந்தும் பின்பக்கத் தட்டையிலும், நட் உட்காரும் துளைகளிலும் பெயின்ற் படவே கூடாது. அங்கே பெயின்ற் தடித்திருந்தால் ஓட ஓட அது நசுங்கும், நட் தளரும். கூம்புத் துளை என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு போளையை வைத்து அடிக்கலாம், அளவாக உட்காரும். தட்டைத் துளைக்கு வட்டமாக வெட்டிய டேப். நட்டும் எல்லாம் ஒன்றல்ல. ரொயோட்டாவின் பல ஒறிஜினல் அலோய்களுக்குத் தட்டை வாஷர் நட், வெளியில் வாங்கும் வீல்களுக்குப் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு, ஹொண்டாவின் ஒறிஜினலுக்கு உருண்டை அடி. மாறிப் போட்டால் இறுகியது மாதிரி இருக்கும், இறுகியிராது.

சில்வரை மெல்லிய படையாக மூன்று நான்கு தரம், 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்து அடிக்கலாம். ஒன்றை மட்டும் அடித்தால் மற்ற மூன்றோடு நிறம் சேராது, நான்கையும் அடியுங்கள். கிளியர்தான் ஆயுளைத் தீர்மானிப்பது. சாதாரண ஸ்பிறே கான் கிளியர் பெற்றோல் பட்டாலே இளகும். ஹார்ட்னர் கலக்கும் இரண்டு பாகக் கிளியர் உறுதியானது, ஆனால் அதில் ஐசோசயனேற் இருக்கிறது. அதை மூச்சில் எடுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். வெளிக்காற்றைக் குழாயில் கொடுக்கும் முகமூடிதான் அதற்கு உரியது. வீட்டு விறாந்தையில், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதை அடிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். பிரைமர், சில்வர் வரை நீங்கள் முடித்து, கிளியரை மட்டும் பெயின்ற் பூத் உள்ள ஒரு கராஜில் காசு கொடுத்து அடிப்பியுங்கள். செலவின் பெரும்பகுதி உரஞ்சும் கூலிதான், அது உங்களுக்கு மிச்சம். சில்வர் அடித்து எத்தனை மணித்தியாலத்துக்குள் கிளியர் அடிக்க வேண்டும் என்று முதலே அவர்களிடம் கேட்டு நாளைப் பொருத்திக்கொள்ளுங்கள், அவர்கள் பாவிக்கும் கிளியர் உங்கள் சில்வரோடு ஒத்துப்போகுமா என்பதையும். ரயர் போட இரண்டு மூன்று நாள் பொறுங்கள், வீல் கழுவ ஒரு கிழமை.

ரயர் போடும்போது விளிம்பில் அடிக்கும் கிளிப் ஈயம் வேண்டாம், உள்ளே ஒட்டும் வகையைக் கேளுங்கள். கிளிப் போட்ட இடத்தில்தான் அடுத்த பூப்பு தொடங்கும். நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முடிக்க விடாமல், இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பானரால் நட்சத்திர ஒழுங்கில் இறுக்குங்கள். அக்ஸியோவுக்கு 103 நியூற்றன் மீற்றர், ஹொண்டா கார்களுக்குப் பொதுவாக 108. 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்ப ஒருக்கால் பாருங்கள். பிறகு கிழமைக்கு ஒரு தரம் தண்ணீர் அடித்தால் போதும், வீலின் பின்பக்கத்துக்கும் சேர்த்து. கசூரினா கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே.

கொழும்புக்கு அனுப்புவதா என்று கேட்டீர்கள். அங்கே பெரும்பாலும் செய்வது பவுடர் கோட், அதாவது தூளாக உள்ள பெயின்றைப் பூசி 180 முதல் 200 பாகை வரையில் 15, 20 நிமிடம் சுடுவது. வீல் செய்யும் தொழிற்சாலைகளே பவுடர் பாவிக்கின்றன, கட்டுப்பாடான அடுப்பில் ஒரு தரம் சுடுவதால் வீலுக்கு ஆபத்தில்லை. மேலே சொன்ன 150–170 பாகைப் பதத்தை விடக் கூடிய சூடு என்பதால், வெப்பமானி இல்லாத அடுப்பில் நீண்ட நேரம் வைப்பதோ, பெயின்றை எரித்து எடுப்பதோ வேறு கதை. அனுப்ப முன் எந்தப் பாகையில் எவ்வளவு நேரம் சுடுகிறீர்கள், பழைய பெயின்றை எப்படி எடுக்கிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் பவுடர் நல்ல தெரிவு, கல் படுவதை நன்றாகத் தாங்கும். உங்கள் நான்கில் உரசல் இல்லாத இரண்டையும் முதலில் வீட்டில் செய்து பாருங்கள் தம்பி. உரசிய இரண்டையும் கழுவி, உள்விளிம்பில் சோக்குத் தூள் போட்டுப் பார்த்துவிட்டு, கோடு ஏதும் வந்ததா என்று எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு அந்த இரண்டுக்கும் என்ன செய்வதென்று சொல்கிறேன்.